பெருஞ்சமர் (இலங்கைப் பாடசாலைத் துடுப்பாட்டம்)

பெருஞ்சமர் அல்லது பெரும்போட்டி என்பது இலங்கையில் இரண்டு பாடசாலைகளின் முதல்தரத் துடுப்பாட்ட (கிரிக்கெட்) அணிகள் ஆண்டுக்கு ஒருமுறை தம்முள் மோதும் மரபுவழிப் போட்டியைக் குறிக்கும் பெயராகும். பேச்சுவழக்கில் "பிக் மேட்ச்" என்ற பெயரே பெரிதும் வழங்குகின்றது. இப்போட்டிகளில் மிகப் பழமையானது கொழும்பு றோயல் கல்லூரிக்கும் புனித தோமையார் கல்லூரிக்கும் இடையிலான போட்டி. இது 1879 இல் தொடங்கியது. தமிழர் பகுதிகளில் மிகவும் புகழ்பெற்றது யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரி யோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் வடக்கின் பெருஞ்சமர் ஆகும். பெரும்பாலான பெருஞ்சமர்கள் பெப்ரவரி முதல் ஏப்ரல் வரையான காலத்தில் இடம்பெறுகின்றன.

தமிழ்நாட்டு வாசகர்கள் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். இலங்கையில் "கல்லூரி" என்று பெயர் கொண்ட நிறுவனங்களுட் பல உண்மையில் பாடசாலைகளே. பெருஞ்சமரில் ஆடுவோர் பத்தொன்பது வயதுக்கு உட்பட்ட மாணவர்கள். பதினைந்து, பதினாறு வயதுச் சிறுவர்களும் சில வேளைகளில் அணியில் இடம்பெறுவர். பல்லாயிரம் பார்வையாளர் முன்னிலையில் ஆடுவதும், தோற்றால் அதற்குப் பொறுப்பேற்பதும் இந்த வயதினரே.

தொடக்கம்

கொழும்பு அக்கடமி என்று அப்போது அழைக்கப்பட்ட அரசாங்கப் பாடசாலையில் ஆசிரியராகப் பணியாற்றிய ஆஷ்லி வாக்கர் என்ற ஆங்கிலேயரே முதற் போட்டிக்கு வித்திட்டவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அணிக்காக ஆடிய அவர், தம் மாணவர்களுக்கு இந்த ஆட்டத்தை முறையாகப் பயிற்றுவித்து, கொழும்பின் வடபகுதியான முகத்துவாரத்தில் அமைந்திருந்த தோமையார் கல்லூரியுடன் 1879 இல் ஒரு போட்டியை ஏற்பாடு செய்தார். அப்போட்டியில் ஆசிரியர்களும் மாணவர்களுடன் சேர்ந்து ஆடினர். மாணவர்கள் மட்டும் ஆடிய முதற் போட்டி 1880 இல் நடைபெற்றது. எனவே தொடரின் வரிசை எண் 1880 ஆம் ஆண்டிலிருந்தே கணக்கிடப்படுகின்றது. கொழும்பு அக்கடமி 1881 இல் றோயல் கல்லூரி எனப் பெயர் மாற்றம் பெற்றது; தோமையார் கல்லூரி 1918 இல் கல்கிசைக்கு இடம்பெயர்ந்தது.

தொடக்க காலப் போட்டிகள் காலிமுகத்திடலில் நடைபெற்றன. வீரர்கள் பேரை வாவியைப் படகில் கடந்து திடலை அடைந்தனர் என்று கூறப்படுகின்றது. இரண்டு உலகப் போர்களின்போதும் இத்தொடர் தடைப்படவில்லை. உலகில் இடையறாது நடைபெற்றுவரும் பாடசாலைத் துடுப்பாட்டத் தொடர்களில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் 1878 இல் தொடங்கிய புனித பீட்டர் கல்லூரி - இளவரசர் ஆல்பிரட் கல்லூரிப் போட்டிக்கு அடுத்ததாக இது குறிப்பிடப்படுகின்றது.

1885 ஆம் ஆண்டுச் சர்ச்சை

இரு பாடசாலைகளின் பழைய மாணவர்களும் இன்றுவரை உடன்படாத ஒரு விடயம் 1885 ஆம் ஆண்டுப் போட்டியின் முடிவாகும். அப்போட்டியில் றோயல் அணி 9 ஓட்டங்களுக்குத் தன் எல்லா விக்கெட்டுகளையும் இழந்தது. தொடரின் மிகக் குறைந்த ஓட்ட எண்ணிக்கை இதுவே. ஆயினும் ஆட்டம் இயல்பான முடிவை எட்டவில்லை. அதனைத் தமது வெற்றி என்று தோமையார் தரப்பு பதிவு செய்துள்ளது. முழுமை பெறாத ஆட்டம் ஆகையால் வெற்றி தோல்வியற்றது என்று றோயல் தரப்பு பதிவு செய்துள்ளது. இதனால் மொத்த வெற்றிகளின் கணக்கு, அதனை வெளியிடுவது எந்தப் பாடசாலை என்பதைப் பொறுத்து ஒன்று கூடியோ குறைந்தோ காணப்படும். இரு தரப்பும் ஏறத்தாழச் சமமான வெற்றிகளைப் பெற்றுள்ள தொடரில் இந்த ஒரு வெற்றி சிறிய விடயம் அன்று.

பிற பெருஞ்சமர்களும் பெயர்களும்

கொழும்பில் தோன்றிய வழக்கம் விரைவில் பிற நகரங்களுக்கும் பரவியது. கண்டியில் கிங்ஸ்வூட் கல்லூரியும் தர்மராஜ கல்லூரியும் 1893 முதல் ஆடிவருகின்றன. காலியில் றிச்மண்ட் கல்லூரிக்கும் மகிந்த கல்லூரிக்கும் இடையிலான போட்டி 1905 இல் தொடங்கியது. முன்னது மெதடிஸ்த மிசனரிமாரின் பாடசாலை, பின்னது பௌத்தப் பாடசாலை. எனினும் அவற்றின் அக்கால அதிபர்களான ஜேம்ஸ் ஹோர்ன் டரலும் பிராங்க் லீ உட்வர்டும் நண்பர்கள். சமய வேறுபாட்டால் மூளக்கூடிய பகை இந்த நட்பால் தணிந்திருந்தமையால் இப்போட்டி "காதலர் பிணக்கு" என்ற பொருளுடைய ஆங்கிலப் பெயரைப் பெற்றது. ஏனைய பெயர்கள் எல்லாம் போர்க்களத்தை நினைவூட்டுவனவாக இருக்க, இது ஒன்று மட்டும் விலகி நிற்கின்றது.

பெரும்பாலான பெயர்கள் பாடசாலைக் கொடியின் நிறத்தையோ சமயத்தையோ ஒட்டியவை. றோயல் - தோமையார் போட்டி "நீலங்களின் சமர்" எனவும், கொழும்பின் இரு பௌத்தப் பாடசாலைகளான ஆனந்த - நாலந்த போட்டி "மெரூன் நிறத்தாரின் சமர்" எனவும், கத்தோலிக்கப் பாடசாலைகளான புனித சூசையப்பர் - புனித பேதுரு போட்டி "புனிதர்களின் சமர்" எனவும் அழைக்கப்படுகின்றன. யாழ்ப்பாணத்தில் புனித பத்திரிசியார் கல்லூரியும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும் ஆடுவது "பொன் அணிகளின் சமர்". யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் கொக்குவில் இந்துக் கல்லூரியும் ஆடுவது "இந்துக்களின் சமர்". உண்மைப் போர் நிகழ்ந்த மண்ணில் பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்துக்குச் சமர் என்றும் போர் என்றும் பெயரிடுவது பொருத்தமா என்ற கேள்வி எழக்கூடியதே. ஆனால் இப்பெயர்கள் வழக்கில் நிலைத்துவிட்டன.

வடக்கின் பெருஞ்சமர்

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி 1816 இல் வெஸ்லியன் மிசனரிமார் தொடங்கிய பாடசாலையின் தொடர்ச்சியாகும். பீட்டர் பேர்சிவல் அதன் அதிபராக விளங்கினார். ஆறுமுக நாவலர் அங்குப் பயின்று பின்னர் அங்கேயே கற்பித்தார். பரி யோவான் கல்லூரி 1823 இல் ஆங்கிலிக்கத் திருச்சபை மிசனரிமாரால் நல்லூரில் தொடங்கப்பட்டு, பின்னர் சுண்டிக்குளிக்கு மாற்றப்பட்டது. ஒரே நகரில் சில கிலோமீற்றர் இடைவெளியில் அமைந்த இவ்விரு புரட்டஸ்தாந்துப் பாடசாலைகளுக்கிடையே 1904 இல் தொடங்கிய துடுப்பாட்டப் போட்டியே இன்று வடக்கின் பெருஞ்சமர் எனப்படுகின்றது. ஒரே குடும்பத்தில் மாமன் ஒரு பாடசாலையிலும் மருமகன் மற்றப் பாடசாலையிலும் பயின்றிருப்பது யாழ்ப்பாணத்தில் வியப்புக்குரியது அன்று. ஆகவே விவாதம் மைதானத்தோடு முடிவதில்லை.

போட்டி நடைபெறும் மத்திய கல்லூரி மைதானம் யாழ்ப்பாணக் கோட்டைக்கும் பொது நூலகத்துக்கும் அண்மையில் உள்ளது. உள்நாட்டுப் போரின் கொடுமை மிகுந்த பகுதிகளுள் இதுவும் ஒன்று. நூலகம் 1981 இல் எரிக்கப்பட்டது. கோட்டையைச் சுற்றிய பகுதி 1990 இல் முற்றுகைப் போரால் சிதைந்தது. 1995 இன் இறுதியில் நகர மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். இக்காலப்பகுதியில் சில ஆண்டுகள் பெருஞ்சமர் நடைபெறவில்லை. எனினும் தொடர் அறுந்துபோகவில்லை. நிலைமை சற்றுத் தணிந்த ஒவ்வொரு முறையும் இரு பாடசாலைகளும் மீண்டும் அணிகளைத் திரட்டின.

போரின் விளைவு ஆட்ட முறையிலும் வெளிப்பட்டது. கொழும்புப் பாடசாலைகள் புற்றரை ஆடுகளத்தில் பயின்றபோது யாழ்ப்பாண மாணவர்கள் நெடுங்காலம் பாய் விரித்த ஆடுகளத்திலேயே ஆடினர். பாய் விரிப்பில் பந்து கூடுதலாக எழும்பும், சுழலும் அதிகம். அங்கு ஓட்டம் குவித்த துடுப்பாளர் புற்றரையில் தடுமாறுவதும், தென்னிலங்கை அணிகளுடன் ஆடும் வாய்ப்புக் குறைவாக இருந்ததும் வடக்கு மாணவர்கள் தேசிய மட்டத்தில் தெரிவு செய்யப்படாமைக்கு முக்கிய காரணங்கள் ஆகும். பாதை மூடப்பட்டிருந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த திறமையான வீரர்களுக்குப் பெருஞ்சமரே முதலும் முடிவுமான பெரிய மேடையாக இருந்தது.

அந்த நிலை மாறத் தொடங்கியதற்கு எடுத்துக்காட்டாக விளங்குபவர் மத்திய கல்லூரி மாணவரான விஜயகாந்த் வியாஸ்காந்த். நெட்டிச் சுழல் பந்துவீச்சாளரான இவர், 2020 இல் முதன்முறையாக நடைபெற்ற லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காக ஆடினார். 2023 இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இலங்கை அணிக்காகவும், 2024 இல் இந்தியன் பிரீமியர் லீக்கில் ஐதராபாத் அணிக்காகவும் களமிறங்கினார்.

அணித்தலைவர் தெரிவு

பெருஞ்சமரை ஒட்டி எழும் விவாதங்களுள் முதன்மையானது அணித்தலைவர் யார் என்பதாகும். பதினொருவரில் எவர் ஆடுவது என்ற கேள்வியை விட இதுவே கூடுதலான மனத்தாங்கலை ஏற்படுத்துகின்றது. அணித்தலைவரின் பெயர் பாடசாலையின் பெயர்ப்பலகையிலும் நூற்றாண்டு கடந்த ஆவணங்களிலும் நிலைக்கும் என்பதே இதற்குக் காரணம்.

பொதுவாக மூத்த வீரருக்கே அப்பொறுப்பு அளிக்கப்படுகின்றது. முன்னைய ஆண்டுகளில் பெருஞ்சமர் ஆடி "வர்ணம்" எனப்படும் தகுதியைப் பெற்ற மாணவர்கள் புதியவர்களை விட முன்னுரிமை பெறுவர். செய்தித்தாள்கள் அணி விபரம் வெளியிடும்போதும் எத்தனை வர்ண வீரர்கள் எஞ்சியுள்ளனர் என்பதையே முதலில் எழுதுகின்றன. இம்முறைக்கு ஆதரவாகக் கூறப்படுவது, பதட்டம் மிகுந்த போட்டியில் அனுபவமே பயன் தரும் என்பதாகும். எதிர்ப்போர், மூப்பு என்பது திறமைக்கு ஈடாகாது என்றும், பருவம் முழுவதும் ஓட்டம் எடுக்காத ஒருவர் மூத்தவர் என்ற ஒரே காரணத்தால் அணியில் நீடிக்கும்போது திறமையான இளைய மாணவர் ஒருவரின் இடம் பறிபோகின்றது என்றும் வாதிடுகின்றனர். இரண்டு வாதங்களிலும் உண்மை உண்டு. பயிற்றுநர், பொறுப்பாசிரியர், அதிபர் ஆகியோர் முடிவெடுத்தாலும் பழைய மாணவர் சங்கத்தின் குரல் அதில் ஒலிப்பதைத் தவிர்க்க இயலாது. மைதானத்தையும் உபகரணங்களையும் பயிற்றுநரின் ஊதியத்தையும் பல பாடசாலைகளில் தாங்குவோர் அவர்களே.

ஐக்கிய அமெரிக்காவின் கல்லூரிக் காற்பந்தாட்டத்தில் "குவாட்டர்பேக்" எனப்படும் வீரரின் தெரிவு குறித்து எழும் விவாதம் இதனோடு ஒப்பிடத்தக்கது. தாக்குதலை நெறிப்படுத்தி ஒவ்வொரு முறையும் பந்தை முதலில் கையிலெடுப்பவர் அவர். அவ்விடத்துக்கு இரு மாணவர்கள் போட்டியிட்டால் இரசிகர்கள் இரு கட்சிகளாகப் பிரிவர். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1999 ஆம் ஆண்டுப் பருவத்தின் ஒரு பகுதியில் மூத்த மாணவரான டொம் பிராடியையும் இளையவரான டுரூ ஹென்சனையும் மாறி மாறி ஆடவைத்தது. இரசிகர் பலரின் கண் இளையவர் மீதே இருந்தது. 2000 ஆம் ஆண்டு தொழில்முறை அணிகளின் தெரிவில் 199 ஆவது ஆளாகவே எடுக்கப்பட்ட பிராடி, பின்னர் ஏழு முறை சூப்பர் போல் வென்றார். அமெரிக்காவிலும் ஹார்வர்ட் - யேல் (1875), இராணுவக் கல்லூரி - கடற்படைக் கல்லூரி (1890) போன்ற பழம் போட்டிகள் உள்ளன. ஆனால் அவை பல்கலைக்கழக மாணவர்களின் ஆட்டங்கள். இலங்கையிலோ அந்தச் சுமை பாடசாலைச் சிறுவர்களின் தோளில் விழுகின்றது.

தெரிவு சரியாக அமைந்ததற்கு இலங்கையிலேயே ஒரு சான்று உண்டு. கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் மித வேகப் பந்துவீச்சாளராக ஆடத் தொடங்கிய தமிழ் மாணவர் ஒருவரைப் பதினான்கு வயதில் சுழற்பந்து வீசுமாறு அவரது பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ அறிவுறுத்தினார். முத்தையா முரளிதரன் என்ற அம்மாணவர் 1990/91 பருவத்தில் நாட்டின் சிறந்த பாடசாலைத் துடுப்பாட்ட வீரராகத் தெரிவானார். 2010 இல் தேர்வுத் துடுப்பாட்டத்தில் தமது 800 ஆவது விக்கெட்டை வீழ்த்தினார். அவ்விக்கெட்டை வீழ்த்திய காலி மைதானம், றிச்மண்ட் - மகிந்த மாணவர்கள் தங்கள் "பிணக்கை" ஆடித் தீர்க்கும் அதே இடமாகும்.

வெற்றியும் தோல்வித் தவிர்ப்பும்

றோயல் - தோமையார் தொடரில் ஏறத்தாழப் பாதிப் போட்டிகள் வெற்றி தோல்வியின்றி முடிந்துள்ளன. மழை, மட்டையான ஆடுகளம் ஆகியன ஒரு பகுதிக் காரணமே. பெரிய காரணம் ஆட்டத்தின் அமைப்பில் உள்ளது. ஒரு தொடரில் ஐந்து ஆட்டங்கள் இருந்தால் ஒன்றில் துணிந்து தோற்றாலும் மற்றொன்றில் ஈடு செய்யலாம். பெருஞ்சமர் ஆண்டுக்கு ஒன்றே. பாடசாலைக் காலத்தின் இறுதியாண்டில் இருக்கும் அணித்தலைவருக்கு அடுத்த ஆண்டு என்பதே இல்லை. எனவே இரண்டாவது இன்னிங்சை எப்போது இடைநிறுத்துவது, எதிரணிக்கு எத்தனை ஓட்ட இலக்கு வைப்பது என்ற முடிவில் அவர் பெரும்பாலும் பாதுகாப்பையே நாடுகின்றார். அரைமணி நேரம் முன்னதாக இடைநிறுத்தியிருந்தால் வென்றிருக்கலாம் என்ற பேச்சு பல ஆண்டுகள் நீடிக்கும். ஆனால் முன்னதாக இடைநிறுத்தித் தோற்றவர் குறித்த பேச்சு அதைவிட நீண்ட காலம் நீடிக்கும் என்பதை ஒவ்வோர் அணித்தலைவரும் அறிவார்.

இதற்குப் பரிகாரமாகப் பல பாடசாலைகள் போட்டியை இரண்டு நாட்களிலிருந்து மூன்று நாட்களாக நீட்டின. வரையறுக்கப்பட்ட நிறைவுகள் கொண்ட தனிப் போட்டிகளும் சேர்க்கப்பட்டன. இவற்றில் முடிவு உறுதி. எனினும் பழைய மாணவர்கள் நினைவில் வைத்திருப்பது நீண்ட ஆட்டத்தையே.

கொண்டாட்டங்களும் கட்டுப்பாடுகளும்

பித்தளைக் குழல்களும் மேளங்களும் சேர்ந்த "பப்பரே" இசை பெருஞ்சமரின் அடையாளமாகும். பைலாப் பாடல்களும் பாடசாலைக் கோஷங்களும் இதில் கலந்திருக்கும். இன்று இலங்கை அணி ஆடும் பன்னாட்டுப் போட்டிகளில் ஒலிக்கும் இசை பாடசாலை மைதானங்களிலிருந்தே சென்றது. பழைய மாணவர்கள் ஆண்டு வாரியாகத் தனித்தனிக் கூடாரங்களில் கூடுவர். வெளிநாடுகளில் வாழ்வோர் பலர் தம் விடுமுறையை இந்நாட்களுக்கு ஏற்ப அமைத்துக்கொள்கின்றனர்.

போட்டிக்கு முந்திய நாட்களில் மிதிவண்டி ஊர்வலம், பாரவூர்தி ஊர்வலம், தொப்பி ஏந்திக் கடைவீதியில் பணம் திரட்டல், பெண்கள் பாடசாலை வாயில்களில் ஆரவாரம் செய்தல் ஆகியவை வழக்கமாக இருந்தன. இவற்றுட் சில பொதுமக்களுக்கு இடையூறாகவும், மதுவும் கைகலப்பும் சேர்ந்தபோது ஆபத்தாகவும் மாறின. காவல்துறையினரும் அதிபர்களும் விதித்த தடைகளால் பல வழக்கங்கள் குறைந்துள்ளன. படிப்புக்கு இடையூறு என்ற குறையும் நீண்ட காலமாகவே கூறப்பட்டு வருகின்றது. உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்ய வேண்டிய ஆண்டில் பயிற்சிக்குச் செலவிடும் மணிநேரங்கள் பெற்றோருக்குக் கவலை அளிப்பது இயல்பு.

தேசிய அணியில் தாக்கம்

நீண்ட காலம் இலங்கை அணி றோயல், தோமையார் போன்ற சில கொழும்புப் பாடசாலைகளின் மாணவர்களையே பெரிதும் நம்பியிருந்தது. இந்த வட்டம் மெல்ல விரிந்தது. 1996 உலகக் கிண்ணத்தை வென்ற அணியின் தலைவர் அர்ஜுன ரணதுங்க ஆனந்த கல்லூரி மாணவர். ரொசான் மகாநாம, அசங்க குருசிங்க, குமார் தர்மசேன ஆகியோர் எதிர்ப் பாடசாலையான நாலந்தவைச் சேர்ந்தவர்கள். பாடசாலைக் காலத்தில் எதிரெதிரே நின்ற இரு தரப்பினர் ஒரே அணியில் ஆடி அக்கிண்ணத்தை வென்றனர்.

அதற்கு அரை நூற்றாண்டு முன்பே தமிழர் ஒருவர் இலங்கைத் துடுப்பாட்டத்தின் உச்சியில் இருந்தார். கொழும்பு வெஸ்லி கல்லூரியில் பயின்ற மகாதேவன் சதாசிவம், 1947 இல் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் எடுத்தார். பின்னர் இலங்கை அணிக்குத் தலைமை தாங்கினார். அக்காலச் சென்னையிலும் ஆண்டுக்கொரு பெரும் ஆட்டம் இருந்தது. ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் இடையே பொங்கல் காலத்தில் நடைபெற்ற மாகாணப் போட்டி அது. இன அடிப்படையில் அணி பிரித்த அவ்வாட்டம் விடுதலைக்குப் பின் 1952 இல் முடிவுற்றது. இலங்கையில் பாடசாலை அடிப்படையில் அமைந்த ஆட்டங்கள் ஆட்சி மாறிய பின்னரும் தொடர்ந்தன.

துடுப்பாட்டம் தவிர்ந்த பிற விளையாட்டுக்களிலும் இத்தகைய போட்டிகள் உள்ளன. றோயல் கல்லூரிக்கும் கண்டி திரித்துவக் கல்லூரிக்கும் இடையே 1945 முதல் நடைபெறும் பிரட்பி கேடய ரக்பி ஆட்டம் அவற்றுள் குறிப்பிடத்தக்கது. றோயல் கல்லூரி அதிபராக இருந்த ஈ. எல். பிரட்பியின் பெயர் கொண்ட இக்கேடயம், கொழும்பிலும் கண்டியிலும் ஆடப்படும் இரு ஆட்டங்களின் புள்ளிகளைக் கூட்டி அதிகம் பெறும் அணிக்கு வழங்கப்படுகின்றது.